கண் திறக்காத ரொட்டி

"செத்தவருக்குக் கண்ணு தொறக்க மாட்டேன் நைனா. வேற இன்னா வேணா கேளு."

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு பொம்மைக் கொட்டகை. அதன் வாசலில் நின்றுகொண்டு பொம்மைக்காரர் தங்கவேலு இப்படிச் சொன்னபோது, என் குடையின் ஓட்டை வழியாக ஒரு மழைத்துளி சரியாகப் பிடரியில் விழுந்தது. நான் இருந்த சூட்டுக்கு அது அங்கேயே ஆவியாகியிருக்க வேண்டும்.

என் உள்ளங்கையில் ஒரு முகம் இருந்தது. மைதா மாவைப் பிசைந்து அச்சில் அழுத்திக் காயவைத்தது. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரியது. மீசை உண்டு, மூக்கு உண்டு, கன்னத்தில் லேசாகச் சிவப்புகூட உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள்.

"பிள்ளையாருக்குத் திறக்கிறீங்க. செட்டியார் பொம்மைக்குத் திறக்கிறீங்க. இதுக்கு மட்டும் என்ன வந்தது?" என்றேன்.

"செட்டியாரு யாரு? பொம்மை. அவரு பொறக்கவும் இல்ல, சாவவும் இல்ல. இவரு ஆளா இருந்து பூட்டவரு. பேரு கீது, ஊரு கீது, பொண்டாட்டி கீறாங்க. இவருக்குக் கண்ணத் தொறந்தா இன்னா அர்த்தம்? வாய்யா, குந்துய்யான்னு கூப்பிடறா மாதிரி. வந்து குந்திக்கினாருன்னா யாரு எழுப்பறது? நீ எழுப்புவியா?"

"ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயிடுவாராம். அவர் சம்சாரத்தோட ஊர்ல அப்படித்தான் வழக்கமாம்."

"அது அவங்க ஊரு ஆவி. இது மைலாப்பூரு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கவேலுவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அவர் சுலபமாக ஜெயித்துவிட்டார்.

போன வாரம் இதே பத்திரிகையில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை என் தங்கச்சி எழுத்துக்கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மீன் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்று வாத்தியாரோடு சண்டை போட்டதை ஊரெல்லாம் படிக்கும்படி எழுதிவிட்டேன் என்று அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த வாரக் கட்டுரையிலும் அம்மா வருகிறாள். முன்கூட்டியே சமாதானம் சொல்ல வழியில்லை. சொன்னால், "இன்னா எழுதிக் கீறே?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

சோலையம்மா

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருந்த ஒரு பெரிய தோட்டத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. தோட்டத்தை ஒட்டினாற்போல் எங்கள் ஊரூர்க் குப்பம். குப்பத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போன முதல் ஆள் நான்தான். எங்கள் வம்சத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். ஆகவே உலகத்தைத் திருத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. மூட நம்பிக்கைகளை எந்த வரிசையில் ஒழிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சின்ன வீட்டில் இருந்தவர் சோலெதாத் அம்மாள். மெக்ஸிகோ தேசம். வஹாகா என்று ஒரு நகரம். அவருடைய புருஷன் ஹசிந்தோ மன அமைதியைத் தேடிக் கப்பலேறி வந்தவர். இவர் புருஷனைத் தேடிக் கூடவே வந்தவர். ஹசிந்தோ மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது இந்த அம்மாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சாந்தோம் கோயிலுக்குப் போய்விடுவார். அந்த வருஷம் கத்திரி வெயிலில் ஹசிந்தோவுக்கு விஷஜுரம் வந்தது. ஊருக்குத் திரும்பக் கப்பல் கிடையாது. சாந்தோம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

குப்பத்தில் யாருக்கும் சோலெதாத் என்று வாயில் நுழையவில்லை. சோலையம்மா ஆக்கிவிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும், கடைத்தெருவில் பேரம் பேசவும் தெரியும் என்று அவருக்குத் துணையாக என்னைப் போட்டுவிட்டார்கள். அவருடைய இங்கிலீஷ் மதராஸுக்கு வந்தபின் கற்றது. என்னுடையது புத்தகத்தில் கற்றது. இரண்டும் எங்கேயோ நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். அவர் பேச்சை இங்கே தமிழில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கூப்பிட்டனுப்பினார். "ஏகா, கல்லறைத் திருநாள் வருகிறது. எனக்கு ஒரு ரொட்டி வேண்டும்."

ஏகாம்பரம் என்பதை அவர் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்.

"வாங்கி வருகிறேன்" என்றேன். ரொட்டிதானே?

ரொட்டிதானே என்று நினைத்ததற்கு நான் பட்டது போதும்.

அவர் கேட்டது கடையில் விற்கிற ரொட்டி அல்ல. அவர்கள் ஊரில் பேட்டைக்குப் பேட்டை ஒரு ரொட்டியாம். பச்சை நிறக் கல்லால் கட்டிய கட்டடங்களாம். சந்தையில் பெண்கள் கூடை கூடையாக ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். எந்தக் கூடை எந்தப் பேட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே சொல்லிவிடலாமாம். செத்தவர்களுக்கான ரொட்டி அந்தப் பருவத்தில் மட்டும்தான். உருண்டையாக, முட்டையின் மஞ்சள் கருவைக் கொட்டி, சோம்பு போட்டுச் சுடுவார்கள். மேலே ஒரு முகம் பதித்திருக்கும். மாவால் செய்து வர்ணம் தீட்டிய சின்ன முகம். ரொட்டி சுடுகிறவர்கள் தனி, முகம் செய்கிறவர்கள் தனி.

"அந்த ராத்திரி செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ரொட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முகத்தைப் பார்த்து, இது நம் வீடு என்று தெரிந்துகொள்வார்கள். அவருக்கு இது முதல் வருஷம். வழி பழகவில்லை."

"ரொட்டி இல்லாவிட்டால்?"

"தெருவில் நிற்பார்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இங்கே அவருக்குப் பாஷைகூடத் தெரியாது, ஏகா."

மூட நம்பிக்கை ஒழிப்பைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. சரி என்று மட்டும் சொன்னேன். என்மேலேயே எரிச்சலாக வந்தது.

எல்லாம் எங்கள் ஊருடையது

சாமான் வாங்க மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். போயிருக்கக் கூடாது.

பூக்கடையில் துலுக்கச் சாமந்தியைப் பார்த்ததும் அந்த அம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "இது எங்கள் பூ! செத்தவர்களுக்கு வழி காட்டுகிற பூ!" என்று ஒரு பந்தை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். அது ஏதோ கோயிலுக்குக் கட்டி வைத்திருந்த மாலைக்கான பூ. பூக்காரி எழுந்து நின்று என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மாளைத் திட்டப் பயம்.

அடுத்த கடையில் மிளகாய். "இதுவும் எங்கள் ஊரிலிருந்து வந்ததுதான்." தக்காளி. "எங்களுடையது." கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, காணாமல் போன சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பின்னாளில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை என்று தெரிந்தது. அப்போது தெரியாது. வாங்கவும் இல்லாமல், நகரவும் இல்லாமல், என் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து உரிமை கொண்டாடுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மொளகாயும் அவங்களுது, தக்காளியும் அவங்களுதுன்னா, நாம இத்தினி நாளா இன்னாத்த போட்டுக் கொயம்பு வெச்சோம்?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"படிச்சவன்தானே நீ?"

சந்தியாகுவின் பானை

தோட்டத்தில் முட்டைக்குத் தடை. மீன், கறி, முட்டை எதுவும் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது. எங்கள் அம்மாவே கூடையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முட்டை இல்லாமல் அந்த ரொட்டியும் இல்லை. ஆகவே சாந்தோமில் ஒரு ரொட்டிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் சந்தியாகு. தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கோயில் தெருவில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம்.

பெயரைக் கேட்டதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "சாந்தியாகோ!" என்றார். "என் அப்பா பெயர், என் மாமா பெயர், எங்கள் தெருக்கோடிக் கோயிலின் பெயர்!" சந்தியாகு தன் பெயரை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முழங்கை வரை மாவோடு எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. வெல்லம் போடலாம் என்றார். அந்த அம்மாள் வெல்ல அச்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரிலும்..." என்று ஆரம்பித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் மாவு பொங்குவதற்குக் கள்தான் ஊற்றுவார்கள். காலையில் இறக்கிய தென்னங்கள் ஒரு பானையில் மூலையில் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. எழுந்து போய்ப் பானைமேல் குனிந்தார்.

"புல்க்கே!"

அவர்கள் ஊரில் கற்றாழை மாதிரி ஒரு செடியின் நடுவே குடைந்து பால் எடுத்துப் புளிக்க வைப்பார்களாம். ரொட்டிக்கும் அதைத்தான் ஊற்றுவார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த தகரக் குவளையை எடுத்து, மொண்டு, நின்றவாக்கில் குடித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது" என்றார்.

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார். "தம்பி, இவங்க பூசைக்கு வர்றவங்க. முன் பெஞ்சில உக்கார்றவங்க. நான் எதையும் பாக்கல, நீயும் பாக்கல."

"நான் எதையும் பார்க்கவில்லை" என்றேன்.

முகத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் பின்வாங்கினார். ரொட்டி சுடுகிறேன், திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கொடுக்கிறேன், முட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கிறேன். ஆனால் மனுஷ முகத்தைச் செய்வது என் வேலை இல்லை என்றார். "மொகத்த நீங்க செஞ்சு கொண்டாங்க. வெச்சுச் சுட்டுத் தர்றேன். பங்குச் சாமியார் கேட்டா, அது ஏதோ பூவுன்னு சொல்லிடுவேன்."

போலீஸ்காரன் அச்சு

மயிலாப்பூரில் முகம் செய்கிறவர்களுக்கா பஞ்சம்? நவராத்திரி முடிந்து பொம்மைக்காரர்கள் சும்மாதான் இருந்தார்கள். தங்கவேலுவிடம் ஹசிந்தோவின் போட்டோவைக் கொடுத்தேன். ஒடுங்கின கன்னம், பெரிய மீசை, எங்கேயோ பார்க்கிற கண்.

தங்கவேலு அச்சுகளைக் கிளறினார். அந்த அளவுக்குச் செட்டியார் அச்சு ஒன்று இருந்தது. செட்டியாருக்குத் தொந்தியும் கன்னமும் கொழுகொழுவென்று. மாப்பிள்ளை அச்சுக்கு மீசை இல்லை. கடைசியில் போலீஸ்காரன்.

"இவரு தோதா கீறாரு. மீசை அப்டியே."

மீசை சரிதான். மாவை அழுத்தி எடுத்தபோது தலையில் போலீஸ் தொப்பியும் சேர்ந்து வந்துவிட்டது. தங்கவேலு தொப்பியைச் சீவி எறிந்தார். மண்டை தட்டையாகிவிட்டது. அதன்மேல் கறுப்பாக முடி தீட்டினார்.

இதைச் சோலெதாத் அம்மாளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய், கடைசியில் சொன்னேன். அவர் சிரித்தார். புருஷன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அவர் வாலிபத்தில் சர்க்காரைத் திட்டிச் சுவரில் எழுதிவிட்டு, போலீஸ் துரத்தி, மூன்று வீட்டுக் கூரை ஏறிக் குதித்து ஓடியவர். இப்போது பார், மாட்டிக்கொண்டார்."

ஆனால் அந்தச் சந்தோஷமெல்லாம் மறுநாள் நான் முகத்தை வாங்கப் போனபோது நின்றுவிட்டது. முதலில் சொன்னேனே, அந்த மழை நாள். பொம்மைக்குக் கண் திறப்பது கடைசி வேலை, அதை மட்டும் செய்ய மாட்டேன் என்று தங்கவேலு உட்கார்ந்துவிட்டார். மன்றாடிப் பார்த்தேன். தூரிகையை மட்டும் கடன் கொடுங்கள், நானே தீட்டிக்கொள்கிறேன் என்றேன். "அத்தோட அப்பறம் நான் பிள்ளையாருக்கு எப்டிக் கண்ணு தொறக்கிறது?" என்று தூரிகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சந்தியாகுவிடம் போனால், அவர் கையை உதறினார். "கண்ணு இல்லாததே நல்லது தம்பி. தூங்கற மாதிரி இருக்கட்டும். நித்திய இளைப்பாற்றின்னு நாங்க வேண்டிக்கிறதே அதுதானே?" முகத்தை மாவில் பதித்து அடுப்பில் தள்ளினார்.

ரொட்டி நன்றாகத்தான் வந்தது. அதை மறைக்கக் கூடாது. உச்சியில் பழுப்பாக, பளபளவென்று, தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. சோம்பும் வெல்லமும் முட்டையும் கள்ளின் புளிப்பும் கலந்த ஒரு வாசனை. மழை ஓய்ந்த சாயங்காலத்தில் அதைத் துண்டில் சுற்றி, தோட்டத்து வாட்ச்மேன் மூக்கில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொண்டுபோனேன். முட்டையைக் கடத்திய முதல் மெட்ரிகுலேஷன்காரன் நானாகத்தான் இருப்பேன்.

என் பேனா

அந்த அம்மாள் வராந்தாவில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார். துலுக்கச் சாமந்தி குவியல் குவியலாக. மெழுகுவர்த்தி, இன்னும் ஏற்றாத ஒரு சிம்னி விளக்கு. ஹசிந்தோவின் மூக்குக் கண்ணாடி, ஒரு தம்ளர் தண்ணீர், அவர் குடித்து மிச்சம் வைத்த சுருட்டு. ரொட்டியை நடுவில் வைத்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பார்வை இல்லை" என்றார்.

"நீங்களே வரைந்துவிடுங்களேன்."

"நான் கூடாது. எங்கள் தெருவில் அழுகிறவர்கள் வரைய மாட்டார்கள். அழுதவள் கையால் திறந்த கண், அழுகையைத்தான் பார்க்கும். அப்புறம் திரும்பிப் போக மனசு வராது." என்னைப் பார்த்தார். "நீ வரை, ஏகா. உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே."

நியாயமான பேச்சு. எனக்கு நம்பிக்கை கிடையாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். இரண்டு புள்ளி. அவ்வளவுதான் வேலை. ஆபீஸில் ஒரு நாளைக்கு எத்தனை புள்ளி வைக்கிறேன்!

நிப்பு அந்த வெள்ளைக் குழிக்கு மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மைதா மாவு. போலீஸ்காரன் அச்சு. தொப்பியைச் சீவின மண்டை. கை இறங்கவில்லை. என் கையே நான் சொல்லிக் கேட்கவில்லை என்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தங்கவேலு மேல் கோபம், சந்தியாகு மேல் கோபம், கப்பல் விடாத சண்டைமேல் கோபம், சாகிறதற்கு இவ்வளவு தூரம் வந்த ஹசிந்தோ மேல் கோபம்.

அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"டேய் ஏகாம்பரம்! மூணு நாளா வூட்டுக்கு ஒயுங்கா சோறு துன்ன வரல, இங்க இன்னாடா பண்ணிக்கினு கீறே?"

அம்மா. கூடையைச் சுவருக்கு வெளியே மணலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள். பூவை, தண்ணீரை, சுருட்டைப் பார்த்தாள். கேட்க என்ன இருக்கிறது? ஆடி அமாவாசைக்கு எங்கள் அப்பாவுக்கு அவள் மணலில் வைக்கிற படையலிலும் தண்ணீர், சுருட்டு, பூ எல்லாம் உண்டு. மூக்குக் கண்ணாடிக்குப் பதில் அப்பாவின் வலை ஊசி இருக்கும். எனக்கு விவரம் தெரியாத வயதில் கட்டுமரத்தில் போன அப்பா, திரும்பி வரவேயில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அந்தப் படையல்தான் நான் ஒழிக்க வேண்டிய வரிசையில் முதலில் இருந்தது.

"ரொட்டியா?" என்று குனிந்தாள். "அய்ய, இன்னாடா இது, கண்ணே இல்ல?"

"யாரும் வைக்க மாட்டேங்கறாங்க. கண் தொறந்தா வந்து உக்காந்துடுவாராம்."

"யாரு சொன்னது?"

"பொம்மைக்காரர்."

"அவனுக்கு இன்னா தெரியும், மண்ணு பெசையறவன்? கண்ணு இல்லன்னா எப்டிடா வயி தெரியும்? உங்கப்பனுக்கு அப்டித்தானே கரை தெரியாம பூட்டுது."

சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த விளக்கின் சிம்னியைத் தூக்கினாள். உள்ளே படிந்திருந்த கரியை விரலால் வழித்தாள். தலையிலிருந்த எண்ணெயை அதே விரலில் தொட்டுக் குழைத்தாள். மீன் செதில் ஒட்டியிருந்த அந்த விரலால், குழந்தைக்கு மை இடுவதுபோல் ஒரு கண், இன்னொரு கண். ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மிச்சமிருந்ததைக் கன்னத்தில் ஒரு பொட்டாக வைத்தாள்.

ஹசிந்தோ எங்களைப் பார்த்தார். ஒரு கண் பெரிதாக, கொஞ்சம் திடுக்கிட்டவர்போல்.

சோலெதாத் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கன்னத்தைக் காட்டி, "மூன்றாவது எதற்கு?" என்றார்.

"திருஷ்டி படாமல் இருக்க. யாரும் பொறாமைப்பட்டுக் கண் வைத்துவிடக் கூடாது என்று."

"செத்தவர்மேல் யார் பொறாமைப்படுவார்கள்?"

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "பொண்டாட்டி இம்மாம் பண்றாளே, மத்த செத்தவனுங்க பாத்துக்கினு சும்மா இருப்பானுங்களா? கேளு அவங்கள."

காலையில் வந்தது

மறுநாள் விடிந்து நான் போனபோது, அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். கூடை சுவருக்கு வெளியே. இருவரும் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் முறையிட்டார்கள்.

விஷயம் இதுதான். அவர் வந்து வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், இனி ரொட்டியைப் பிய்த்து எல்லோரும் சாப்பிட வேண்டும் என்கிறார் அந்த அம்மாள். காக்காய் எடுக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்கிறாள் எங்கள் அம்மா.

"வந்தார் என்று எனக்குத் தெரியும். எதற்குக் காக்காய்?"

"வந்தாருன்னு இவங்களுக்கு எப்டித் தெரியும்? காக்கா சொல்லணும்ல?"

இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் ஒரு துண்டைப் பிய்த்துச் சுவர்மேல் வைப்பது என்று முடிவாயிற்று. அம்மா "கா, கா" என்று கூவினாள். தோட்டத்தில் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிற காக்காய்கள் அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்த அம்மாளும் சேர்ந்து கூவிப் பார்த்தார். அவர் கூவியது காக்காய்க்குப் புரிந்திருக்காது.

"சரி, போதும்" என்று நான் ரொட்டியின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் சவுக்கு மரத்திலிருந்து ஒன்று இறங்கியது. சுவர்மேல் இருந்த துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. ரொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டு கொத்தில் ஹசிந்தோவின் முகத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது.

சோலெதாத் அம்மாள் கத்தினார். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். அத்தனை அலைச்சல், அத்தனை மழை, அத்தனை கெஞ்சல் எல்லாம் ஒரு காக்காய் வாயில்!

அம்மா மட்டும் கையைத் தட்டினாள். "எட்துக்கினாரு! பாத்தியா, எட்துக்கினாரு!"

"என்ன சொல்கிறாள்?"

"அவர்தான் வந்தார் என்கிறாள்."

அந்த அம்மாள் வராந்தாவின் விளிம்புவரை ஓடினார். "எந்தப் பக்கம் போனது?"

அம்மா கை நீட்டினாள். சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஏறிக்கொண்டிருந்த சூரியனுக்கு நேராக, ஒரு கறுப்புப் புள்ளி. கடல்.

"அந்தப் பக்கம் போனால் என்ன வரும், ஏகா? நீ படித்தவன்."

நேராகப் போய் எங்கள் குப்பத்தில் கருவாடு காய்கிற இடத்தில் இறங்கும் என்பதுதான் உண்மை. சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தை நினைத்துக்கொண்டேன். கிழக்கே எங்கள் கடல். அப்புறம் பர்மா, சயாம். அப்புறம் தீவுகள். அப்புறம் முடிவே இல்லாமல் ஒரு நீலம். அந்த நீலம் முடிகிற இடத்தில்...

"உங்கள் ஊர்தான்" என்றேன். "நேராகப் போனால் உங்கள் தேசம்தான் வரும்."

அந்தப் புள்ளி மறையும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, முகம் இருந்த இடத்தில் குழி விழுந்த ரொட்டியைப் பிய்த்து எங்களுக்குக் கொடுத்தார். தாமும் தின்றார். மென்றுகொண்டே யோசித்தார். "எங்கள் ரொட்டி இல்லை" என்றார். "நம்மூரு பன்னுதான். கொஞ்சம் சோம்பு" என்றாள் அம்மா. இதற்காகவா நான் அலைந்தேன்?

"நீ இன்னா சொன்னே அவங்களாண்ட?" என்று கேட்டாள் அம்மா.

"அந்தப் பக்கம் போனால் அவங்க ஊர் வரும்னு சொன்னேன்."

அம்மா கடலைப் பார்த்தாள். "அப்ப உங்கப்பனத் தாண்டித்தான் போவணும்" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?"

சொன்னேன். சோலெதாத் அம்மாள் மேஜைக்குப் போனார். ரொட்டியில் இன்னொரு பெரிய துண்டைப் பிய்த்து, தம் கைக்குட்டையில் முடிந்து, அம்மாவின் கையில் வைத்தார். "அவருக்கு" என்றார். இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா சுவருக்கு வெளியே போய், கூடையைத் திறந்து, ஈரச் சாக்கை விலக்கி, மீனுக்கு நடுவில் அந்த முடிச்சை வைத்தாள்.

"மீன் கூடையிலயா வெக்கறே? கவிச்சி நாறுமேம்மா!" என்றேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

"நாறட்டும்" என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "அது இல்லாங்காட்டி அவருக்கு எறங்காது."